ஜெயசித்ரா திருத்திய புத்தகம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஓர் அச்சகம் இருக்கிறது. அங்கே ஜெயசித்ராவின் கோபத்துக்குத் தனி மரியாதை. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடம் முதலாளி சாமிதுரை, "மேட்டரை அந்தம்மாகிட்ட குடுங்க, ஆனா பக்கத்துல நிக்காதீங்க" என்று சொல்லித்தான் உள்ளே அனுப்புவார். பக்கத்தில் நின்றால் கேள்வி வரும். "இதென்னங்க, பொண்ணோட தாய்மாமன் பேரே இல்ல? சண்டையா, மறந்துட்டீங்களா?" மறந்தவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சண்டைக்காரர்கள் முறைப்பார்கள். அவளும் முறைப்பாள்.

ஜெயங்கொண்டம் பக்கத்துப் பெண். டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் முதல் வகுப்பு. குன்னத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, பத்தொன்பது வருஷமாக இதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். டைப் அடிக்கிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகம் எழுத்தைப் பார்த்து அடிக்கும். அதற்கு அர்த்தம் தேவையில்லை, விரல் போதும். ஜெயசித்ரா மற்ற ரகம். ஒரு வாக்கியத்தை முழுசாகப் படித்து, மண்டையில் ஏற்றிக்கொண்டு, தாளைத் திரும்பிப் பார்க்காமல் ஒரே ஓட்டமாக அடிப்பாள். அதனால்தான் அவ்வளவு வேகம். ஆனால் மண்டையில் ஏறாத வாக்கியத்தை அவளால் அடிக்க முடியாது. கோயில் நோட்டீஸ், கட்சி நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர் எதுவானாலும், கோணலாக வந்தால் நிமிர்த்தித்தான் அடிப்பாள். எழுதியவர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, தாமே அப்படித்தான் எழுதியதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் மணிவேல் செத்துப்போனான். மோட்டார் காயில் கட்டுகிறவன். அரியலூர் ரோட்டில் பட்டப்பகலில், தன் பக்கத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த மொபட்டின் மேல் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஏறியது. டிரைவர் முந்தின நாளிலிருந்து கண் மூடவில்லை. மூன்றாவது நடை. "முடியல, படுத்துட்டு எடுக்கிறேன்" என்று போனில் சொன்னானாம். "எடுடா" என்றாராம் லாரியின் சொந்தக்காரர். இதெல்லாம் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே டிரைவர் அழுதுகொண்டு சொன்னது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அவளே அடித்தாள். அச்சகத்துக் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு ஃபைல் உண்டு. போட்டோவையும் பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். 'விதியின் சதியால் எங்களை விட்டுப் பிரிந்த' என்ற வரி அதிலேயே தயாராக இருக்கும். அன்றைக்கு அவளுக்கு எதையும் நிமிர்த்தத் தெம்பில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

அதே லாரிக்காரர் கருமாதிக்கு வெள்ளை வேட்டியில் வந்தார். பந்தலில் உட்கார்ந்து, "விதிம்மா. யாரச் சொல்லி என்ன ஆவப்போவுது" என்றார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். "எடுடா" என்று சொன்ன வாய் அது. அதற்கு ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தார்கள்.

அத்தோடு விட்டார்களா? நாத்தனார் பாக்யலட்சுமி ஒரு குறிகாரரிடம் போய்க் கேட்டுவந்தாள். வீட்டுப் பொம்பளை நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று குறி விழுந்தது. மணிவேலுக்கு டைபாய்டு வந்தபோது சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு மாவிளக்குப் போடுவதாக ஜெயசித்ரா நேர்ந்துகொண்டது உண்மை. அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். முகூர்த்த மாசத்தில் அச்சகத்தில் லீவு கேட்டால் சாமிதுரைக்கு முகம் சுருங்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போனதும் உண்மை. "மாவிளக்கு போட்டிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பான்" என்று பாக்யலட்சுமி நடுவீட்டில் நின்று சொன்னாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தூங்காத டிரைவரும் தூங்கவிடாத முதலாளியும் எங்கோ போய்விட்டார்கள். கொலைகாரி வீட்டுக்குள்ளேயே சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

ஜெயசித்ராவும் அதைப் பாதி நம்பினாள். அதுதான் கொடுமை. திங்கட்கிழமைகளில் சிறுவாச்சூர் பஸ்ஸைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தப் பயத்தை மறைக்கத்தான் எல்லோர் மேலும் எரிந்துவிழுந்தாள்.

இப்படி இருக்கையில்தான் போன தை மாசம் பேராசிரியர் தமிழழகன் ஒரு கட்டுத் தாளோடு அச்சகத்துக்கு வந்தார். ஒரு கல்லூரியில் வேலை. தத்துவமும் தமிழும் படித்தவர் என்று பெயர். சொந்தச் செலவில் புத்தகம். பதவி உயர்வுக்கு மனுப் போடுவதற்குள் வரவேண்டும். தலைப்பு 'இருத்தலியமும் அபத்தவியலும்: ஓர் அறிமுகம்'. அறிமுகம் என்றால் வீட்டுக்கு வந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பது. இவர் வாசலில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார். முதல் பக்கத்து முதல் வாக்கியம் இது:

'முன்நிர்ணயக் காரணத்துவத்தின் இன்மையால் கட்டமைக்கப்படும் மானுட இருப்பின் அபத்தத்தன்மையானது, தன்னிலையின் தேர்வுசார் பொறுப்புணர்வுக்கான சாத்தியப்பாட்டு வெளியைத் திறந்துவைப்பதாக அவதானிக்கத்தக்கது.'

ஜெயசித்ரா நான்கு தரம் படித்தாள். மண்டையில் ஏறவில்லை. போன் போட்டாள்.

"சார், மொத வரிக்கு என்னங்க அர்த்தம்?"

"அர்த்தம்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? இருக்கிறத அப்படியே அடிங்க."

"அர்த்தம் தெரியாம எனக்கு அடிக்க வராதுங்க."

"இது சாதாரண ஆளுங்களுக்கான புக்கு இல்லம்மா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. சாதாரண ஆள்! யாரடா இங்கே அசாதாரணம் என்று பற்றிக்கொண்டு வந்தது. சிக்கு விழுந்த நூல்கண்டைப் பிரிப்பதுபோல அந்த வாக்கியத்தை ஒரு பழைய பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிப் பிரிக்க ஆரம்பித்தாள். 'காரணத்துவத்தின் இன்மை' என்றால் காரணம் இல்லை. 'முன்நிர்ணயம்' என்றால் முன்னாலேயே முடிவானது. 'தேர்வுசார் பொறுப்பு' என்றால் தேர்ந்தெடுத்தவனுக்குப் பொறுப்பு. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்று மணிக்குச் சிக்கு விட்டது. பென்சிலால் எழுதினாள்:

'நடக்கிறதெல்லாம் இப்படித்தான் நடக்கவேண்டும் என்று எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. எனவே செய்ததற்குச் செய்தவனே பொறுப்பு.'

எழுதியதைப் படித்தாள். எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. மாவிளக்கில் இல்லை, குறியில் இல்லை, அவளுடைய நேரத்தில் இல்லை. செய்தவனே பொறுப்பு. "எடுடா" என்று சொன்னவன் பொறுப்பு. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரத்தை யாரோ தூக்கி, உரியவன் வாசலில் இறக்கியதுபோல இருந்தது. அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். இத்தனை பெரிய விஷயத்தை வைத்துக்கொண்டு, அதை யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி இந்த மனுஷன் ஏன் இப்படிச் சுவர் எழுப்பியிருக்கிறார்? கருமாதிப் பந்தலில் யாராவது ஒருவர் எழுந்து இந்த இரண்டு வரியைச் சொல்லியிருந்தால் லாரிக்காரர் அந்தக் காப்பியைக் குடித்திருப்பாரா?

அன்றைக்கு அவள் கம்ப்யூட்டரில் அடித்தது பென்சிலால் எழுதிய வரியைத்தான்.

முதலில் ஒன்றிரண்டு வாக்கியம் என்றுதான் நினைத்தாள். பிறகு பத்தி. பிறகு அத்தியாயம். ஒரு மாசம் ஆயிற்று. பேராசிரியர் சொன்ன விஷயம் எதையும் அவள் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டதையெல்லாம் நேராகத் தொட்டாள், அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் மட்டும் கை நீண்டுவிட்டது. பலன் இல்லை என்று தெரிந்தும் மனிதன் ஏன் தொடர்கிறான் என்பதற்குப் பேராசிரியர் இரண்டு பக்கத்துக்கு ஏதோ ஐரோப்பியக் காப்பிக்கடை உதாரணம் சொல்லியிருந்தார். அதை எடுத்துவிட்டு இதைப் போட்டாள்:

'சின்ன வெங்காயம் போடுகிறவனைப் பாருங்கள். போன வருஷம் விலை விழுந்தது. அதற்கு முந்தின வருஷம் மழையில் அழுகியது. இந்த வருஷம் நன்றாக வரும் என்று அவனுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வானம் பதில் சொல்லாது, மார்க்கெட்டும் பதில் சொல்லாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே விதை வெங்காயத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போகிறான். அவன் ஏமாளி இல்லை. ஏமாளிக்கு நிலைமை தெரியாது, இவனுக்குத் தெரியும்.'

புரூஃப் பார்க்கப் பேராசிரியர் வந்தார். தலைப்புப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தார். பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களை விரல்விட்டுச் சரிபார்த்தார். சமர்ப்பணத்தைப் படித்தார். பின்னட்டைப் போட்டோ கறுப்பாக இருக்கிறதென்று குறைப்பட்டார். பிறகு உள்பக்கங்களை விசிறிபோலப் புரட்டி, கடைசியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தன் புத்தகத்தைத் தானே படிக்கவில்லை. படிக்கிற மாதிரி எழுதியிருந்தால்தானே!

அச்சாகி வந்த பெரிய ஃபாரம் தாள்களைப் பக்கவாரியாக மடிக்கிறவன் பைண்டர் மதுரைவீரன். குன்னம் பக்கம் அரை ஏக்கரில் அவனும் வெங்காயம் போடுகிறவன். இருபது வருஷத்தில் எத்தனையோ புத்தகம் மடித்திருக்கிறான், ஒரு வரி படித்ததில்லை. அன்றைக்கு மடிக்கிற கை நின்றுவிட்டது.

"யக்கா, இத யாரு எழுதுனது?"

"ஏன்?"

"நம்ம வூட்டுக் கதையால்ல இருக்கு. வெங்காயம் அழுவுனப்ப, கெடா வெட்டாம விட்டதாலதான்னு எங்க பங்காளிங்க என்னைய ஒரு வருசம் ஒதுக்கி வச்சாங்க. இதுல ஏமாளி இல்லன்னு போட்டிருக்கு பாரேன். யாருக்கா எழுதுனது?"

"அந்தப் புரபசர்தான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதும் நாக்கு கசந்தது. தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லத் தைரியமில்லை, இதில் பக்கம் பக்கமாகப் பொறுப்பைப் பற்றி அடித்திருக்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

முந்நூறு பிரதி. ஐம்பது வெளியீட்டு விழாவுக்குப் போயிற்று. விழா ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கட்டைக் கொண்டுபோன மதுரைவீரன் நடந்ததை வந்து சொன்னான். தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற அதிகாரிக்கு முன்னாலேயே ஒரு பிரதி போயிருந்தது. அவர், "புரபசர் இவ்வளவு எளிமையா எழுதுவார்னு நான் எதிர்பாக்கல. என் வீட்டம்மா ஒரே மூச்சுல படிச்சு முடிச்சாங்க. குறிப்பா அந்த வெங்காயம்!" என்றாராம். கூட்டம் கைதட்டியதாம். பேராசிரியர், "வெங்காயமா?" என்று கேட்டு, மேடையிலேயே புத்தகத்தைத் திறந்தாராம். அதற்கப்புறம் அவர் ஏற்புரை பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று உட்கார்ந்துவிட்டாராம்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவர் அச்சகத்துக்குள் நுழைந்தார். கையில் புத்தகம் சுருண்டு கிடந்தது.

"யாருய்யா இதப் பண்ணுனது? எழுபது பேருக்கு முன்னால என்னய வெங்காய யாவாரி ஆக்கிட்டீங்களே!"

சாமிதுரை எழுந்து நின்றுவிட்டார். ஜெயசித்ரா நாற்காலியைத் திருப்பினாள்.

"நான்தான் சார்."

"ஏம்மா, நான் என்ன எழுதினேன், நீ என்ன அடிச்சிருக்க?"

"நீங்க எழுதுனதத்தான் அடிச்சிருக்கேன். அர்த்தத்துல எங்கியாவது தப்பு இருந்தா சொல்லுங்க சார்."

அவர் புத்தகத்தைப் பிரித்தார். மூடினார். மறுபடி பிரித்தார். விஷயம் தெரிந்தவர், பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"தப்பில்ல" என்றார்.

"அப்புறம் என்ன சார் குத்தம்?"

"எல்லாருக்கும் புரியுதேம்மா!"

பேராசிரியருக்கே தான் சொன்னது எப்படிக் காதில் விழுந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க மாமனார் படிச்சிட்டு, 'இவ்வளவுதானா மாப்ள? இதுக்கா பதினாறு வருசம் படிச்சீங்க'ன்னு கேக்குறாரு. நாளைக்கு இன்டர்வியூல உக்காந்திருக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? இதுல ஒண்ணும் பெரிசா இல்லயேன்னு தூக்கிப் போடுவாங்க. எனக்கும் இப்படி எழுதத் தெரியும்மா. எங்கப்பா திடீர்னு போனப்ப, ஏன் ஏன்னு பைத்தியம் மாதிரி அலைஞ்சு, இதைப் படிச்சுத்தான் நான் எழுந்து உக்காந்தேன். தெரியாம எழுதல நான்."

ஜெயசித்ராவுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரியாமல் எழுதியிருந்தால் மன்னித்திருப்பாள்.

"தெரிஞ்சேவா மறைச்சீங்க?" என்றாள். "உங்களை எழுப்பி உக்கார வச்சத, அடுத்தவன் எழுந்திரிக்கக் கூடாதுன்னு பூட்டி வச்சீங்களா? பசிச்சவன் முன்னாடி சோத்தை வச்சுட்டு, தட்டு மேல ஏறி உக்காந்துகிட்ட மாதிரி இருக்கு சார் நீங்க பண்ணுனது!"

"ஜெயா, வாய மூடு!" என்று சாமிதுரை கத்தினார். பிறகு பேராசிரியர் பக்கம் திரும்பி, குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டார். முதலாளி என்றால் சும்மாவா? அதற்குள் அவருக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

"சார், மனு குடுக்க இன்னும் ஒரு வாரம்தான இருக்கு. புதுசா அடிக்க நேரமில்ல. மீதி எரநூத்தம்பது புக்குலயும் ஒரு சீட்டு வச்சுடலாம். பழைய ஃபான்ட்டுலேருந்து புது ஃபான்ட்டுக்கு மாத்துனப்ப கம்ப்யூட்டர்ல கோளாறு ஆயிடுச்சுன்னு போட்டுடுவோம். யாருக்கும் பழியில்ல. உங்க மரியாதையும் இருக்கும், என் பேரும் இருக்கும், இந்தம்மா வேலையும் இருக்கும்."

ஃபான்ட் மாற்றினால் 'அ' என்பது கட்டம் கட்டமாகத் தெரியும், கொம்பு கழன்று போகும். இது ஊரறிந்த தொல்லை. ஆனால் புரியாத தமிழைப் புரிகிற தமிழாக்குகிற ஃபான்ட் எந்தக் கடையில் விற்கிறது? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே? ஆனாலும் பேராசிரியர் யோசித்தார். யோசித்துத் தலையாட்டினார். சாமிதுரை சொல்லச் சொல்ல ஜெயசித்ரா அடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

அவள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். 'வாசகர்களுக்கு' என்று அடித்தாள். 'எழுத்துரு மாற்றத்தின்போது எதிர்பாராமல்' என்பதுவரை வந்தாள். விரல் நின்றது. எதிர்பாராமல் நடந்துவிட்டதாம். எவர் கையும் படாமல் தானே நடந்துவிட்டதாம். இந்த வேலை போனால் குன்னத்தில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. நாத்தனார் வாயில் விழுந்து எழவேண்டும். நாற்பத்துநாலு வயசில் எவன் புதுசாக வேலை கொடுப்பான்? எல்லாம் தெரிந்தது. அடித்த வரியை அழித்தாள். வேறு வரி அடித்தாள். பிரிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்துப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அதில் இருந்தது:

'வாசகர்களுக்கு: இந்த நூலின் வாக்கியங்களை மாற்றியது நான். இது கை தவறியோ கம்ப்யூட்டர் தவறியோ நடந்ததல்ல. தெரிந்தே செய்தேன். நல்லதானாலும் கெட்டதானாலும் பொறுப்பு என்னுடையது. ஜெயசித்ரா, டைப்பிஸ்ட்.'

சாமிதுரை எட்டிப் பார்த்துவிட்டு, "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார்.

"சரிங்க" என்றாள். "இத வச்சு முடிச்சுட்டுப் போறேன்."

மதுரைவீரன் மடிப்பு மேஜையிலிருந்து எழுந்து வந்து பேராசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தான். ஜெயசித்ராவை நிமிர்ந்து பார்த்தான். "நீயாக்கா?" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பேராசிரியர் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் ஏதோ ஒரு கூச்சம் வந்திருந்தது. அவளுக்கு உதவி செய்கிற குரலில்தான் கடைசியாகச் சொன்னார். "மத்ததெல்லாம் இருக்கட்டும்மா. பேரை மட்டும் எடுத்துடலாமே. யாரோ செஞ்சதுன்னு இருந்துட்டுப் போவட்டும். உங்களுக்குத்தான் நல்லது."

"யாரும் செய்யலன்னு சொல்லித்தான் சார் என் புருசனுக்குக் கருமாதி பண்ணுனாங்க" என்றாள் ஜெயசித்ரா. "கிழிக்கணும்னா நீங்க கிழிங்க. ஆனா உங்க கையாலதான் கிழிக்கணும்."

அவர் கிழிக்கவில்லை. மேஜைமேல் வைத்தார். புத்தகக்காரரே கிழிக்காததைச் சாமிதுரையும் தடுக்கவில்லை. அவள் இருநூற்றைம்பது சீட்டு ஓட்டி, வெட்டி, மதுரைவீரன் ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து கொடுக்க, முதல் பக்கத்திலேயே வைத்தாள். சாயங்காலம் பேராசிரியர் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்வரை அவள் கோபம் துளிகூட இறங்கவில்லை.